தெருவிளக்குப் பிரிவின் கருத்தரிப்புத் திட்டம்

நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் புகார் எடுக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு காலைப்பொழுது விடுப்பு தேவைப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் அலுவலகம் தானாகச் சேர்த்துக்கொண்டது.

அவளை எல்லோரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்க தெருவுல லைட்டு எரியல" என்று ஊரில் யார் போன் செய்தாலும் எடுப்பவள் அவள். எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று கேட்டு, சுவரில் மாட்டியிருக்கும் ஊர்ப்படத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்துவாள். ஏணிக்காரர் போய் பல்பை மாற்றிவிட்டு வந்து ஊசியைப் பிடுங்குவார். அந்தப் பிரிவில் உருப்படியாக நடந்த வேலை இது ஒன்றுதான். அதனால்தான் இதைப் பற்றி மேலிடத்துக்கு யாரும் எழுதியதே இல்லை.

லைட்டக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. தெருவில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் இவள் கை சும்மா இருக்காது, பையின் வாரையாவது பிடித்து முறுக்கும். புருஷன் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் மாஸ்டர். நாள் முழுக்க அடுப்பின் வாயில் நிற்பார், நடுநடுவே பின்பக்கம் போய் சிகரெட் பிடிப்பார், வீட்டுக்கு வந்தால் பொண்டாட்டியை உட்கார வைத்துச் சமைத்துப் போடுவார். தங்கமான மனுஷன்.

எப்படியோ ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் கிடைத்தது. வியாழக்கிழமை காலை. "ரெண்டு பேரும் வரணும்" என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். லைட்டக்கா மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், வியாழக்கிழமை காலையில மட்டும் லீவு வேணும்."

"காரணம்?"

"சொந்த வேலை சார்."

"சொந்த வேலைன்னா எல்லாமே சொந்த வேலைதாம்மா. குறிப்பா சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு ஆஸ்பத்திரி?"

லைட்டக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "குழந்தைக்காக சார்."

"எந்தக் குழந்தை? உனக்குத்தான் குழந்தையே இல்லையே!"

"அதுக்குத்தான் சார்."

மேலாளர் முகம் மலர்ந்தது. அவருடைய கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பிரிவும் பணியாளர் நலனுக்கு ஒரு நவீனத் திட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டிருந்தது. குடிநீர்ப் பிரிவு சிரிப்பு மன்றம் தொடங்கிவிட்டது. வரிப் பிரிவு முதுகெலும்பு வாரம் கொண்டாடியது. தெருவிளக்குப் பிரிவிடம் மட்டும் ஒன்றும் இல்லை. இப்போது ஒரு நோக்கமே புடவை கட்டிக்கொண்டு எதிரில் வந்து நிற்கிறது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். "இப்பிரிவின் பெண் பணியாளர் ஒருவரின் கருவுறும் வாய்ப்பினை மேம்படுத்தும் பொருட்டு, அன்னாரின் மன அழுத்தம், உறக்கக் குறைவு, தேநீர் அருந்துதல் மற்றும் இன்ன பிற தீய பழக்கங்கள் அலுவலக நேரத்திலேயே களையப்படும். பயனாளியின் அந்தரங்கம் கருதிப் பெயர் வெளியிடப்படவில்லை."

அந்தப் பிரிவில் இருப்பதே இரண்டு பெண்கள். இன்னொருவர் ஓய்வு பெறப்போகும் தலைமை எழுத்தரம்மா. ஆகையால் எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. ஏணிக்காரருக்கு மட்டும் புரியவில்லை. அவர் நேராகப் போய் எழுத்தரம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"சார், என் லீவு?" என்றாள் லைட்டக்கா.

"வியாழக்கிழமை காலையிலதானே நிம்மதி வகுப்பு தொடங்குது? பயனாளி இல்லாம திட்டமா? என்னம்மா நீ, நன்றியே இல்லாம பேசற!"

வியாழக்கிழமை போயிற்று. நர்ஸ் அடுத்த மாதம் ஒரு தேதி கொடுத்தாள். லைட்டக்கா பையின் வாரை முறுக்கிக்கொண்டு நிம்மதி வகுப்புக்குப் போனாள்.

எரிந்துபோன பல்புகளைப் போட்டு வைக்கும் சாமான் அறைதான் நிம்மதி அறை. பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, பாய் விரித்து, ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். பயிற்சியாளர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, தேன் தடவின குரல். பயனாளி ஒருத்திக்காக ஆள் வரவழைப்பது விதிப்படி சரியில்லை என்பதால் மொத்தப் பிரிவும் கலந்துகொள்ள வேண்டியதாயிற்று.

"மேடம், உங்க கர்ப்பப்பை உங்ககிட்ட பேசுதா?" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"இல்ல சார். எங்க ஆபீஸ்ல பேசாம இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள் லைட்டக்கா. எழுத்தரம்மா இருமினார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. டீ நின்றது. அவளுக்கு மட்டும்தான் நின்றது. மற்றவர்கள் அவளுக்கு வருத்தம் வரக்கூடாதே என்று முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தார்கள். டீக்குப் பதிலாக ஊறவைத்த விதைகள் வந்தன. எழுத்தரம்மா அவற்றை ஒரு டப்பாவில் எடுத்துவந்து, அவள் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பார். "மெல்லாதேடி, சத்து போயிடும்" என்பார். எங்கே போய்விடும் என்று அவருக்கும் தெரியாது.

தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் ஒன்றை அவள் கையில் மாட்டினார்கள். காலையில் அது சொல்லும் சேதி மேலாளர் கணினிக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"என்னக்கா, ராத்திரி ரொம்பப் புரண்டீங்களாமே?" என்று ஏணிக்காரர் வாசலிலேயே கேட்டார்.

"யாரு சொன்னா?"

"மேல மாடியில பேசிக்கிட்டாங்க. விடியற நேரத்துல உங்க நாடி வேற கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு. வரிப் பிரிவுல ரொம்பக் கவலைப்படறாங்க."

அவள் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். உடனே மேலாளர் ஓடிவந்தார். கடிகாரக் கணக்குப்படி பயனாளி இறந்துவிட்டாராம்.

கடைசியில் டெலிபோனையும் எடுத்தார்கள். திடீர் திடீரென்று மணி அடித்தால் மன அழுத்தம் வருமென்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஒயரைப் பிடுங்கினதும் புகார்கள் நின்றன. ஊர்ப்படத்தில் ஒரு சிவப்பு ஊசி கூட இல்லை. ஊரில் பாதித் தெரு கும்மிருட்டு. மாதக் கடைசியில் மேலிடம் பாராட்டிக் கடிதம் அனுப்பியது: புகாரே இல்லாத முதல் பிரிவு என்று. மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

இதற்குள் டாக்டரம்மாவின் அடுத்த தேதிக்கு ஒரே நாள்தான் பாக்கி. லைட்டக்கா மறுபடி கேட்டாள்.

"சார், இந்தத் தடவையும் விட்டா அந்த டாக்டரம்மா வெளியூர் போயிடுவாங்க. வயசு ஏறுது சார். எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படக் கூடாதும்மா! பயம்தான் முதல் எதிரி. நாளைக்கு மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. நீ நிம்மதியா இருக்கறத அவங்க பார்க்க வேணாமா?"

அன்று அவள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள். வீட்டில் புருஷனிடம், "நீங்க காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க. நான் வருவேன்" என்றாள். எப்படி வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் நிம்மதி அறை நிரம்பி வழிந்தது. மேலிடத்து அதிகாரி முன்வரிசைப் பாயில் கஷ்டப்பட்டுச் சம்மணம் போட்டிருந்தார். பயிற்சியாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. எந்த இடத்துக்குப் போனா உங்களுக்கு நிம்மதி கிடைக்குமோ, அந்த இடத்துக்குப் போங்க. தயங்காதீங்க. யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க."

லைட்டக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. அதிகாரி அப்போது லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வேகமாகப் பேசுகிறவர். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டார். விதை, கடிகாரம், ஊதுவத்தி எல்லாவற்றையும் லைட்டக்கா சொன்னாள்.

"டீ ஒண்ணு ரெண்டு குடிக்கலாம்மா, அதனால ஒண்ணும் ஆகாது. நல்லாத் தூங்கு, நட, உடம்பு எடையைப் பார்த்துக்கோ. ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதறேன், இப்பவே ஆரம்பி. தைராய்டு பார்த்துடலாம். வயசும் முக்கியந்தான், அதனால தள்ளிப் போடாம வந்தது நல்லது." அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்க சார்?"

"நானா? நான் இவளுக்குத் தைரியம் சொல்றேன் டாக்டர்."

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எனக்கெதுக்கு டாக்டர்? நான் மைதா மூட்டையை ஒத்தக் கையில தூக்குவேன்."

"மூட்டை தூக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். சிகரெட் உண்டா? வேலை எங்க?"

மாஸ்டர் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்து, அன்று சாயங்காலமே முடிவு வந்தது. லைட்டக்காவிடம் ஒரு குறையும் தெரியவில்லை. மாஸ்டரின் விந்தணு எண்ணிக்கைதான் குறைவு. சிகரெட்டும் அடுப்புச் சூடும் காரணமாக இருக்கலாம், இரண்டையும் விட்டுச் சில மாதம் பார்க்கலாம், சரியாகவும் வாய்ப்பு உண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"இத்தனை நாளா நான் உன்னைத்தான் தேத்திக்கிட்டு இருந்தேனா?" என்றார்.

"ஆமா. நல்லாத்தான் தேத்தினீங்க" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அலுவலகத்தில் விசாரணை. "அனுமதியின்றி நிம்மதியிலிருந்து வெளியேறியமை" என்பது குற்றச்சாட்டு. மாஸ்டரும் கூடவே வந்தார்.

"சார், இவளைத் திட்டாதீங்க. குறை என்கிட்டதான். டாக்டர் சொல்லிட்டாங்க."

மேலாளர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"இதெல்லாம் நாலு பேர் முன்னாடி சொல்ற விஷயமா சார்? ரொம்ப அந்தரங்கம்." அறிவிப்புப் பலகையில் இருந்ததை ஏணிக்காரர் ஓடிப்போய்க் கிழித்துவந்தார். மாஸ்டருக்கு நாற்காலி வந்தது. டீ வந்தது. வரிப் பிரிவிலிருந்து பிஸ்கட் வந்தது.

எழுத்தரம்மா லைட்டக்காவைத் தனியாக இழுத்தார். "நீ அவருக்கு என்னத்தடி ஆக்கிப் போடறே?"

"அக்கா, வீட்டுலயும் சமைக்கறது அவர்தான்."

"அடிப்பாவி! வீட்டுலயும் அடுப்பா?"

மேலாளர் அதைக் கேட்டுக்கொண்டார். திட்டத்தின் இரண்டாம் கட்டம் அன்றே பிறந்தது: பணியாளரின் கணவரது மன அழுத்தத்தைக் குறைக்கப் பணியாளருக்குப் பயிற்சி, காலை வகுப்பு, வருகை கட்டாயம்.

"அவருக்கு வேணாமா சார் பயிற்சி?"

"ஏற்கெனவே நொந்து போயிருக்கார். அவரை ஏம்மா இன்னும் சிரமப்படுத்தணும்?"

லைட்டக்கா வகுப்புக்குப் போகவில்லை. டெலிபோன் ஒயரைத் தானே சொருகிக்கொண்டு, டீயைக் குடித்துக்கொண்டு, வேலையைப் பார்த்தாள். ஊர்ப்படம் ஒரே சிவப்பானது. மாஸ்டர் அடுப்பை உதவியாளிடம் விட்டுவிட்டு கேக்குக்குக் கிரீம் வைக்கும் மேஜைக்கு மாறினார். சிகரெட்டுக்குப் பதில் சோம்பு மென்றார். ஏணிக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "சிகரெட்டையே விட்டுட்டார் சார்!" என்று தழுதழுத்தார். அலுவலகமே கலங்கியது. ஒவ்வொருவராக லைட்டக்காவின் மேஜைக்கு வந்து, "கொஞ்சம் விட்டுப் பிடிம்மா, ஆம்பளை மனசு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று டாக்டரம்மா சொன்னதில்லை. இவர்களுக்கு வாய்த்தது. சில மாதம் கழித்து ஒரு காலையில் லைட்டக்கா பாத்ரூமிலிருந்து ஓடிவந்து ஒரு சின்னக் குச்சியைக் காட்டினாள். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைத் தூக்கப்போனார். தூக்கலாமா கூடாதா என்று சந்தேகம் வந்து, பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கினார்.

ஸ்கேனுக்கு விடுப்புக் கேட்டபோதுதான் அலுவலகத்துக்குத் தெரிந்தது. மேலாளர் மேஜையைத் தட்டி எழுந்தார். எழுத்தரம்மா கண்ணைத் துடைத்தார். ஏணிக்காரர் ஏணியைக் கீழே போட்டார். வாசலில் வாந்தி வருமோ என்று வாயைப் பொத்தி நின்ற லைட்டக்காவை அப்படியே விட்டுவிட்டு, மொத்தப் பிரிவும் படியிறங்கி, தெருவைத் தாண்டி, பேக்கரிக்குள் நுழைந்தது. மேலாளர் மாஸ்டரின் கிரீம் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க சார்!"

"நான் என்ன சார் கஷ்டப்பட்டேன்? காலையிலேர்ந்து வாந்தி எடுக்கறது அவதான்."

"அவங்களுக்கென்ன சார், எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் மேலாளர். "பக்கத்துல நின்னு பார்க்கறவங்களுக்குத்தானே தெரியும், அந்த வேதனை!"