ஷேடு கார்டும் கொண்டைக்குருவியும்

ஆண் குருவி எது, பெண் குருவி எது என்று கேட்டுக் கேட்டே ஒரு காம்பவுண்டு முழுவதற்கும் பைத்தியம் பிடிக்கவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கருமத்தம்பட்டியில் எனக்குப் பக்கத்து போர்ஷனில் குடியிருந்தார். சாயப்பட்டறையில் வேலை. தோய்த்த துணியின் நிறம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதனால் 'ஷேடு கார்டு' என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையானால் குளத்துக்கரைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். பைனாகுலர் எல்லாம் கிடையாது, அட்டைதான். வேலியில் குண்டுகரிச்சான் பாடினால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையை நீட்டுவார். கறுப்பு என்றால் ஆண், சாம்பல் என்றால் பெண். அது சரியாக இருந்ததுதான் வினையாகிப்போனது. அந்த தைரியத்தில் தேன்சிட்டுக்குத் தாவினார். கருநீலமாகப் பளபளத்ததை ஆண் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து அந்த ஆண் இறகை மாற்றிக்கொண்டு, நெஞ்சில் ஒரு கறுப்புக் கோடு தவிர மற்றபடி பெண்ணைப் போலவே மங்கிப்போய் வந்து உட்கார்ந்தது. மனிதர் இடிந்துபோனார்.

"சாயம் போயிருச்சுங்க தம்பி," என்றார். பட்டறையில் இப்படி ஒரு சரக்கு வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அவரை மொத்தமாகக் கவிழ்த்தது கொண்டைக்குருவி. வீட்டுக்காரம்மாவின் முல்லைப் பந்தலில் ஒரு ஜோடி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. இரண்டுக்கும் அதே கறுப்புக் கொண்டை, வாலடியில் அதே சிவப்பு. அட்டையால் ஒரு பிரயோசனமும் இல்லை. பாடுவது ஆண் என்று நான் சொன்னேன், இரண்டும் பாடின. கம்பியில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஆண் என்று வீட்டுக்காரம்மா சொந்த அனுபவத்தில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இரண்டுமே கம்பியில் வந்து சும்மா உட்கார்ந்தன.

ஒருநாள் காலையில் ஜோடியில் ஒன்றைப் பூனை கவ்விக்கொண்டு போய்விட்டது. ஷேடு கார்டு வேலைக்குப் போகவில்லை. கையில் தடியோடு பந்தலடியில் உட்கார்ந்து, போனது அம்மாவா அப்பாவா என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் பிடித்துக் கேட்டார். எதுவாக இருந்தால் என்ன என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் கூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்கம்மா செத்ததும் எங்கப்பா என்னைய அத்தை ஊட்டுல உட்டுப்போட்டுப் போயிட்டாருங்க. இருக்கறது அப்பனா இருந்தா, இதுகளையும் உட்டுப்போட்டுப் போயிருமுங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

நானும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மிஞ்சிய குருவி போகவில்லை. புழுவும் பூச்சியுமாகக் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, ஒரு காலையில் தத்தித் தத்திக் கொய்யாக் கிளைக்குப் பறந்தும் போய்விட்டன. தாய்தான், இல்லாவிட்டால் இப்படி வளர்க்குமா என்றார் வீட்டுக்காரம்மா. ஷேடு கார்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது அப்பனாவே இருக்கட்டுமுங்க," என்றார்.

சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கொண்டைக்குருவியாவது தனியாக இரை கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தால், அது ஆண்தான் என்று இன்றைக்கும் அவருக்காக முடிவு செய்துவிடுகிறேன்.