டொக்டொக் மேடம் போடாத டிக்

பெங்களூரில் கோபத்துக்காக வேலையை விட்டவர்கள் உண்டு. காதலுக்காக விட்டவர்கள் உண்டு. சில்க் போர்டு சிக்னல் நெரிசலுக்குப் பயந்து விட்டவர்கள் ஏராளம். ஆங்கிலக் கவிதையின் ஒரு வரியில் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காக வேலையைப் பணயம் வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் அலுவலகத்து டொக்டொக் மேடம்.

அலுவலகம் காக்ஸ் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் படிக்கிற ஆங்கில இலக்கியப் பாடங்களைத் தயாரிப்போம். நான் டீம் லீடர். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, பாதி உயிரோடு வந்து சேருவேன். மேடம் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்தே வந்துவிடுவார். ஐம்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, யாருக்கும் அடங்காத முகம். கவிதை வரிகளின் யாப்பைச் சரிபார்ப்பது அவர் வேலை. வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, நாக்கு அழுந்துகிற இடத்திலெல்லாம் விரல் முட்டியால் மேஜையில் ஒரு டொக். பெயர் அப்படி வந்ததுதான்.

வந்த முதல் நாளே புகார். "இன்னா சார் இது, கண்ணாடி மேஜ? தட்டினா சத்தமே உருப்படியா வரலயே."

மறுநாள் வீட்டிலிருந்து சப்பாத்திப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து காலை பத்து மணி முதல் சாயங்காலம் வரை பலகைச் சத்தம்தான். எதிர் மேஜைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். டீ கொண்டுவரும் மஞ்சண்ணா உள்ளே நுழையும்போதே, "ஏன் மேடம், இவத்து எஷ்டு பெட்டு?" என்பார். இன்றைக்கு எத்தனை அடி விழுந்தது என்று விசாரிக்கிறாராம். மேடமும் கொஞ்சமும் கோபப்படாமல் கன்னடத்திலேயே எண்ணிக்கை சொல்வார்.

ஒருநாள் கட்டடத்தில் தீ விபத்து ஒத்திகை. செக்யூரிட்டி மெகாஃபோனில் எல்லோரும் வெளியேறச் சொல்லி ஆங்கிலத்தில் கத்துகிறார். மொத்த ஆபீசும் தெருவில் நிற்கிறது, மேடத்தை மட்டும் காணோம். மூச்சிரைக்க மாடியேறினால், ஜன்னல் ஓரத்தில் பலகையோடு நிற்கிறார்.

"மேடம், தீ!"

"ஒத்திகதானே சார். இருங்க, மூணாவது தடவ சொல்லசொல்ல ஒரு அழுத்தம் கொறஞ்சு போச்சு. அந்தாளுக்கு மூச்சு வாங்குது. யாராவது தண்ணி குடுங்க."

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் வேலூர்ப் பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். நேர், நிரை, தேமா, புளிமா என்று காது திருகப்பட்டுக் கற்றவன். அந்தத் தெம்பில் ஆங்கில வரியிலும் நெடில் கண்ட இடமெல்லாம் அழுத்தக் குறி போட்டுக் கொடுத்தேன். மேடம் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் பலகையைக் கீழே வைத்தார்.

"சார், இது நம்மூரு கணக்கு. நமக்கு குறிலா நெடிலான்னு பாக்கணும். இங்கிலீஷ்ல வாய் எங்க பலமா எறங்குதுன்னு பாக்கணும். உங்க குறி பிரகாரம் படிச்சா வரி நொண்டுது."

டீம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனிக்கவே இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. பதிப்புரிமை அனுமதித் தொல்லை வேண்டாமென்று எடுத்துக்காட்டு வரிகளை நாங்களே எழுதிக்கொள்வோம். அந்தக் கவிஞர் வேலை என்னுடையது. இன்னொன்று, பாடத்தின் கடைசியில் 'வாய்விட்டுப் படித்தேன், சரி' என்று ஒரு கட்டம் வரும். சரிபார்த்தவர் அதில் டிக் போட்டால்தான் பாடம் வெளியே போகும். ஒருவரும் வாய்விட்டுப் படித்ததாகச் சரித்திரம் இல்லை. டிக் மட்டும் ஒழுங்காக விழும். மேடம் நிஜமாகவே படித்தார்.

யாப்புப் பாடத்துக்கு நான் எழுதிய முதல் வரி இது: 'த பஸ் டு காக்ஸ் டவுன் நெவர் கம்ஸ் ஆன் டைம்'. மெல்ல ஒன்று, பலமாக ஒன்று என்று ஐந்து ஜோடி. மேடம் ஐந்து டொக் தட்டி, "பரவால்லயே சார்" என்றார். எனக்கு அது சாகித்ய அகாடமி விருது மாதிரி. இரண்டாவது வரியில்தான் வில்லங்கம். 'ஸ்டாப்! யூ ஹேவ் லெஃப்ட் மை மதர் ஆன் த ரோட்'. நிறுத்து, என் அம்மாவை ரோட்டிலேயே விட்டுவிட்டாய் என்று ஒருவன் பஸ்ஸில் கத்துகிறான். அழுத்தக் குறியைத் தானாகவே போடுகிற எங்கள் சாஃப்ட்வேருக்கு அம்மாவும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது. பழைய கணக்குப்படியே 'ஸ்டாப்' மெல்ல, 'யூ' பலமாக என்று போட்டுவிட்டது.

மேடம் டிக் போட மறுத்துவிட்டார்.

"பெத்த அம்மாவ வுட்டுட்டுப் போற பஸ்ஸ எவனாவது இப்பிடிக் கூப்புடுவானா சார்? மொத வார்த்தையே இடி மாதிரி விழணும். அந்த எடத்துல தாளம் பொரளணும். பொரளாம ஒரே மாதிரி ஓடுறதுக்கு இது மாவு மில்லா?"

விஷயம் டைரக்டரிடம் போனது. "நூறு பாடம் இப்பிடித்தான் போயிருக்கு மேடம்" என்றார். "ஒரே சீரா இருந்தாத்தான் பசங்களுக்கு மனப்பாடம் ஆகும். நாளைக்கு டிக் வரணும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறோம்."

மேடம் மாதாமாதம் புதுப்பிக்கிற கான்ட்ராக்டில் இருந்தவர். முன்பு இருந்த கல்லூரியிலும் இதே சண்டையில்தான் வெளியே வந்தார். இந்த வயதில் இன்னொரு வேலை எளிதில் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். அவர் சொன்ன பதில்: "கீழ வாங்க சார்."

பஸ் ஸ்டாப்புக்கு எங்கள் எல்லோரையும் இழுத்துப்போனார். முதலில் வந்த பஸ்ஸைப் பார்த்து, சாஃப்ட்வேர் சொன்னபடி, "ஸ்டாப் யூ..." என்று 'யூ'வை மட்டும் அழுத்திக் கூப்பிட்டார். பஸ் பாட்டுக்குப் போய்விட்டது. அடுத்த பஸ் வந்தது. "ஸ்டாப்!" என்று ஒரு போடு போட்டார். பஸ் நின்றது. பின்னால் வந்த தண்ணி லாரி நின்றது, இரண்டு ஆட்டோ நின்றது, பேக்கரிக்காரர் கத்தியோடு வெளியே வந்து நின்றார். என்ன ஆச்சோ என்று பதறிப்போன கண்டக்டர், "ஏனாய்த்து மா?" என்று இறங்கினார்.

"ஏனு இல்லப்பா, ஹோகி" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, மேடம் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோடு வேற, பாடம் வேற மேடம்" என்றார் அவர். மனிதருக்கு வெட்கமே இல்லை. மாடிக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நீங்க லீடர்தானே? அவங்களுக்குப் பதிலா நீங்களே டிக் போட்டுடுங்க" என்று முடித்துவிட்டார்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போடுங்க சார், உங்களுக்கு சின்னக் கொழந்த இருக்கு. ஆனா அங்க எழுதியிருக்க மாதிரி, ஒரு வாட்டி வாய்விட்டுப் படிச்சிட்டுப் போடுங்க" என்றார்.

மீட்டிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நானே எழுதிய வரியைச் சாஃப்ட்வேர் போட்ட குறிப்படி படித்தேன். ஈஜிபுரா சிக்னலில் என் அம்மா கையில் பையோடு நிற்பது போலவும், பஸ்ஸுக்குள் நான் கம்ப்யூட்டர் குரலில் முனகிக்கொண்டிருப்பது போலவும் தோன்றியது. சொந்தப் பிள்ளை கூப்பிடுகிற லட்சணமா இது? எனக்கு அசிங்கமாக இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டேன். கீழே குறிப்பில், 'வரியை எழுதியவன் நான். மேடம் சொல்வதுதான் சரி. டிக் போட மாட்டேன்' என்று எழுதிப் பெயரையும் போட்டுவிட்டு வந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது.

இரண்டு நாள் டைரக்டர் எங்கள் பக்கமே வரவில்லை. வெளியிட வேண்டிய தேதி தாண்டியதும், டிக் போட வேறு ஆளும் கிடைக்காமல் குறியை மாற்றச் சொன்னார். மேடம் படித்தார், தட்டினார், டிக் போட்டார். மாதக் கடைசியில் அவருடைய கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. என்னை வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் வேலை ஓடாது என்பதுதான் காரணம்.

"வேல போயிடுச்சே மேடம்" என்றேன், அவர் பையை லிஃப்ட் வரை தூக்கிப் போகும்போது.

"அது போச்சு சார். பாடம் சரியாப் போச்சில்ல?" என்றார். துளி வருத்தம் முகத்தில் இல்லை. இப்போது வேறொரு கம்பெனியில், வேறொரு டைரக்டரைக் கீழே வரச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எங்கள் பாடங்கள் இப்போதெல்லாம் சொன்ன தேதிக்கு வெளியாகின்றன. நான் போடுகிற குறியை யாரும் கேள்வி கேட்பதில்லை, யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை, மேடம்.