சாம்பல் வீட்டைக் காணோம்

“வூட்டைக் காணோம் மாலா. அதான் லேட்டு.”

மீன் கூடையோடு வாசலில் நின்ற கோபால் சொன்னதைக் கேட்டு மாலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடிகாலையில் ஏரிக்குப் போகும் புருஷன் எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவான். இப்போது மணி பத்தரை.

“கட்டின வூடு எங்கய்யா போவும்?”

“ஏரி சாம்பல், மேகம் சாம்பல், இப்போ வூடும் சாம்பல். நடுத்தண்ணியில இருந்து பாத்தா இன்னா தெரியும்?”

கோட்டைக்குப்பத்துக் கரையில் முதல் வீடு அவர்களுடையது. படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைத்தான் இருபது வருஷமாக அதற்கும் பூசிவந்தார்கள். திரும்பி வரும் படகெல்லாம் அந்தப் பச்சையைக் குறிவைத்துத்தான் கரை சேரும். முந்தின நாள்தான் மாலா வெளிர் சாம்பல் அடித்து முடித்திருந்தாள். பொன்னேரிக் கடையில் அரைநாள் நின்று பொறுக்கிய நிறம். அவளாகத் தேர்ந்தெடுத்த முதல் நிறமும் அதுதான். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

மறுநாள் மொட்டை மாடியில் தன் சிவப்புச் சேலையைக் கொடியாகக் கட்டினாள். அன்று நாலு படகு பதினோரு மணிக்கு வந்தன.

“சேப்புன்னா ஆபத்தாச்சே அண்ணி! பயந்து நடு ஏரியிலயே நின்னுட்டோம்” என்றான் பக்கத்து வீட்டுப் பிரசாந்த்.

சேலையை அவிழ்த்துவிட்டு, பெரிய விளக்கு ஒன்றைக் கட்டி எரியவிட்டாள். மூன்றாம் நாள் பதினோரு படகுகள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

“வெளக்கு வெளிச்சத்துல கண்ணு கூசிடுச்சு” என்றார்கள் படகுக்காரர்கள்.

“பட்டப்பகல்லயா?” என்று கேட்டாள். ஆளாளுக்கு வலையை உதறத் தொடங்கினார்கள்.

காத்திருந்த மீன் வியாபாரிகள் வெறும் பெட்டியோடு திரும்பிப் போக, ஊர்ப் பெண்கள் கொதித்துப்போனார்கள். ஊர்த் தலைவர் மாசிலாமணி பச்சைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்துவிட்டார். தாமதமாக வந்த பதினொன்றில் அவர் படகும் ஒன்று.

“ஊரை விட உனக்குச் சுவரு பெருசா? பச்சையே அடிச்சிடும்மா.”

மாலாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் வாசலை மறித்து நின்றாள்.

“என்னைத் தாண்டித்தான் தலைவரே அந்தப் பிரஷ்ஷு சுவத்துல படணும்!”

கோபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவிலிருந்து நண்டு விற்க வந்த அம்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

“இன்னாக்கா, ஊரே கூடியிருக்குது?”

“என் வூடு ஏரியில இருந்து தெரியலையாம்டி. வழி தெரியாம மூணு நாளா அலையுறாங்களாம்.”

அம்மணி நண்டுக் கூடையை இறக்கிவைத்து, ஒவ்வொரு ஆணாகப் பார்த்துச் சிரித்தாள்.

“தெரியலையா? மூணு நாளா எங்க தீவுல உக்காந்து கேரம் ஆடிக்கினே, ‘அதோ பாரு, கரையிலயே பளிச்சுன்னு தெரியுதே, அதான் எங்க வூடு, என் பொண்டாட்டி எடுத்த கலரு’ன்னு எல்லாருக்கும் கை காட்டினதே உன் புருஷன்தானேக்கா!”