தூசி விழாத இடம்

என் வீட்டுக்காரர் பர்னபாஸ் என்னிடம் ஜன்னலைப் பதினைந்து நாளைக்குக் கேட்டார். கொடுத்தேன். அது மே மாதம். நான் சொல்ல வந்தது ஆகஸ்ட் மாதத்துக் கதை.

"பதினஞ்சே நாளு ஐடா. எனக்கா செய்யறேன்? உனக்குத்தான். தையல் மேசை. ஒரிஜினல் தேக்கு. இந்த லைன்ல எவ வூட்லயும் இருக்காது."

எங்கள் வீடு கேஜிஎஃப்பில், தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கட்டிய பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸ். முன்னறை, படுக்கிற அறை, பின்னால் சமையல்கட்டு. வெளிச்சம் வருகிற ஜன்னல் முன்னறையில் ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாக அதன் கீழே என் தையல் மெஷின் இருந்தது. அதைப் படுக்கிற அறைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒரு பட்டறை போட்டார். பட்டறை என்றால் வேறு ஒன்றுமில்லை, இரண்டாகப் பிரிகிற எங்கள் கல்யாணக் கட்டிலில் பாதி. மீதிப் பாதியில் நான் படுத்தேன். அவர் தரையில்.

முப்பது வருஷம் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த மனுஷர். பிப்ரவரியில் கம்பெனி கையைக் குலுக்கி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டது. இரண்டு மாதம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு செல்போனைப் பார்த்தார். செல்போனில் ஒரு தாடிக்காரர் வாயே திறக்காமல் மேசை செய்துகொண்டிருந்தார். அதோடு என் ஜன்னல் போயிற்று.

ஆண்டர்சன்பேட்டை பழைய மரக்கடையிலிருந்து மேசைக்கென்று ஒரு பங்களாத் தேக்குக் கதவை ஆட்டோ மேல் கட்டிக் கொண்டுவந்தார். மேலே பச்சை பெயின்ட், அதன் கீழே நீலம், அதன் கீழே தாரோ என்னவோ. கூடவே ரம்பம், உளி, இழைப்புளி, மரத்தை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். உளி வந்த அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் விரல்களை எண்ணிவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவேன்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் கதவின் மேல் இழைப்புளியை வைத்து அவர் முதல் தள்ளு தள்ளியபோது மரம் சுருள் சுருளாக எழுந்து வந்தது. ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது. அவ்வளவு மெல்லிய துணியை நான் தைத்ததே இல்லை. கருப்புக்கு உள்ளே மரம் தேன் நிறத்தில் இருந்தது. எத்தனை வருஷமாக யாருமே பார்க்காத நிறமோ. துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன், பெருக்கவில்லை. அதை அவர் கவனித்துவிட்டார். நான் செய்த தப்பு அதுதான்.

அதற்குப் பிறகு எது செய்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உப்புத்தாளில் எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு என்று நம்பர் உண்டாம். நம்பர் ஏற ஏற தாள் நைஸ். கடைசித் தாளைத் தேய்த்து முடித்து என் கையைப் பிடித்து மரத்தின் மேல் வைத்தார். என் மகள் நிக்கோல் பிறந்தபோது அவள் முதுகு அப்படி இருந்தது.

பிறகு பாலிஷ். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பனியன் துணிக்குள் பஞ்சை உருண்டை கட்டி, அதில் தொட்டு, டிரைவிங் லைசன்ஸுக்கு எட்டுப் போடுகிற மாதிரி மேசை மேல் எட்டு எட்டாகப் போட்டார். தொட்ட இடமெல்லாம் மரம் கண்ணைத் திறந்தது. ரேகை ஒவ்வொன்றும் உள்ளே விளக்கு வைத்தாற்போல. என்னை அறியாமல் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவில் நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கதையை எழுத வேண்டியதில்லை. அதற்குள் காற்று மாதம் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் காற்று மாதம் என்றால் சைனைட் மேட்டு மாதம். சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை மாவாக அரைத்து, சைனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மீதியைக் குன்று குன்றாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சுரங்கத்தை மூடினார்கள், குன்றை மூடவில்லை. ஆடிக் காற்றில் அந்த வெள்ளை மாவு புறப்பட்டு எல்லார் வீட்டுக்கும் அழைக்காமலே வரும். கதவைச் சாத்தினாலும் வரும். ஈரப் பாலிஷ் என்றால் அதற்கு ரொம்பப் பிரியம்.

தினமும் காலையில் ஒரு கோட் பாலிஷ் அடிப்பார். மத்தியானம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். "தூசி" என்பார், செத்த வீட்டுக் குரலில். உப்புத்தாளால் தேய்த்து எடுப்பார். மறுநாள் இன்னொரு கோட். அவர் அப்பா மைன்ஸில் இருந்தவர், அதனால் இவர் ஒவ்வொரு கோட்டையும், சுரங்கத்தின் ஆழத்தை எண்ணுகிற மாதிரி, லெவல் என்றுதான் எண்ணுவார். "இன்னிக்கு இருபத்தி மூணாவது லெவல் ஐடா." எந்த லெவலிலும் தங்கம் கிடைக்கவில்லை.

சட்டங்களும் வந்தன. ஆறு மணி நேரம் பேன் போடக் கூடாது. பெருக்கக் கூடாது. துணி உதறக் கூடாது. பக்கத்து வீட்டுச் சம்பங்கி ஒருநாள் கருவேப்பிலை கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, மூச்சு வுடலாமா?"

"வுடும்மா. அந்தாண்ட திரும்பி வுடு."

இந்த நிலைமையில்தான் எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்துகிற லவினா டீச்சர் வந்தார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு சபை ஆண்டு விழா. குழுவுக்குப் புதிதாகப் பதினெட்டு வெள்ளை அங்கி வேண்டும்.

"எப்பவும் ராபர்ட்சன்பேட்டை டெய்லர்கிட்டதான் குடுப்போம். இந்த வாட்டி நம்ம ஐடாவே தைக்கட்டும்னு நான்தான் சர்ச் ஐயர்கிட்ட சொன்னேன். என் மானத்தைக் காப்பாத்துங்க."

நானோ இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தவள். சபையில் ஒருவரும் என்னை ஒரு பெரிய வேலைக்கு நம்பியதில்லை. தப்பாகத் தைத்தால் ஞாயிறு தோறும் பதினெட்டுத் தப்பு வரிசையாக எதிரில் நின்று பாட்டுப் பாடும். படுக்கிற அறையில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் எனக்குத் தெரியவே தெரியாது. ஜன்னல் வேண்டும்.

"ஏங்க, ஒரு மாசம் ஜன்னலைக் குடுங்க."

"ஈரத்துல கீது ஐடா."

"மூணு மாசமா ஈரத்துலதான் கீது."

"தையல் மெஷின் கிட்ட வந்தா பஞ்சு பறக்கும். தூசியாவது உப்புத்தாளுக்கு வரும். பஞ்சு ஒட்டுனா அவ்ளோதான்."

"எனக்கு மேசையே வாணாங்க. வெறும் ஜன்னல் போதும்."

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "உனக்காகத்தானே இவ்ளோ பாடு படறேன். நீயே இப்பிடி சொல்றியே."

சனிக்கிழமை நிக்கோல் பெங்களூரிலிருந்து வந்தாள். அவளும் சொல்லிப் பார்த்தாள். "அப்பா, டேபிள் சூப்பரா இருக்கு. போதும்."

"டார்ச் புடிச்சுப் பாத்தியா?"

"டார்ச் புடிச்சுக்கினு யாருப்பா டேபிள் பாப்பாங்க?"

"நான் பாப்பேன்."

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வரை ஒரு அங்கிகூட முடியவில்லை. முடித்த ஒரு கையைப் பகலில் வெளியே கொண்டுபோய்ப் பார்த்தால் தையல் பாம்பு போன வழியாக இருந்தது. பிரித்தேன். அழுதேன். பிறகு யோசித்தேன்.

அவர் மேசைக்குப் போடும் முன்னால் துண்டுக் கட்டைகளில் பாலிஷைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஐந்தாறு கட்டைகள் பட்டறையில் கிடக்கும். அவர் குளிக்கப் போன நேரத்தில் ஈரமாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையல்கட்டுப் பரண் மேல், மசாலா டப்பாக்களுக்கு நடுவில் வைத்தேன். எங்கள் சமையல்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற அறை. மறுநாள் அவர் பல் தேய்க்கும்போது கட்டையைத் திரும்பக் கொண்டுவந்து மற்றவற்றோடு போட்டேன்.

பத்து மணிக்கு டார்ச் எரிந்தது.

"ஐடா. இங்க வா. இதைப் பாரு."

பார்த்தேன். நடிக்கத்தான் போனேன், நடிக்க வேண்டியிருக்கவில்லை. விரல் நீளக் கட்டையில் டார்ச் வெளிச்சம் முழுசாகப் படுத்திருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"இது எப்பிடி ஆச்சு?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்?"

கட்டையைத் திருப்பினார். தடவினார். மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தார்.

"பெருங்காயம்."

நான் கையோடு கொண்டுவந்திருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டு நிமிரவில்லை.

"கிச்சன்ல இருந்திருக்குது இது. நானேதான் எப்பவோ மறந்து வெச்சிருக்கேன். ஐடா, உனக்குப் புரியுதா? கேஜிஎஃப்லயே தூசி விழாத ஒரே எடம் கிச்சன்."

"அதுக்கு?"

"பட்டறைய அங்க போட்டுக்கறேன்."

"சமையல்கட்டை மட்டும் கேக்காதீங்க. அது ஒண்ணுதான் எனக்குன்னு மீந்திருக்குது."

"ஜன்னலை எடுத்துக்கயேன்."

"ஜன்னலை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

"அங்கி தெக்கணும்னியே."

"அதுக்காக அடுப்பை வுட்டுத் தர முடியுமா?"

மூன்றாவது தடவை கெஞ்சியபோது சரி என்றேன். கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயம் நல்ல வெங்காயம்.

அன்றே பட்டறை உள்ளே போயிற்று, மெஷின் வெளியே வந்தது. ஜன்னலில் வெளிச்சம் கொட்டியது. வெள்ளைத் தூசியும்தான் வந்தது. ஆனால் வெள்ளைத் துணியில் வெள்ளைத் தூசி யாருக்குத் தெரியும்? ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று.

சமையல்கட்டிலும் சட்டம் போட்டார். ஸ்பிரிட் பாட்டில் திறந்திருக்கும்போது அடுப்பு எரியக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு மட்டும் நானே காவல் இருந்தேன். சிலிண்டர் வால்வை மூன்று தடவை தொட்டுப் பார்த்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க விடுவேன். கோட் அடித்து, நன்றாகக் காய்ந்து, ஸ்பிரிட் வாசனை முழுசாகப் போன பிறகு நான் சாயங்காலச் சமையல் செய்யலாம். ஆனால் மூடி போட்டுத்தான். தாளிப்பு ஒரு பொட்டுகூட மரத்தின் மேல் படக் கூடாது.

மூன்றாம் நாள் டார்ச் எரிந்தது.

"ஐடா, இது இன்னா?"

"எது?"

"மேசை மேல கருப்பா."

"கடுகுங்க."

சத்தியமாக முதல் கடுகு தானாகக் குதித்தது. இரண்டாவது கடுகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

"நீ சமைக்கவே வாணாம்," என்றார். "நானே பாத்துக்கறேன். உனக்கு நெருப்பை ஆள வரல."

முப்பது வருஷம் விடிகாலை ரயிலுக்கு எழுந்த உடம்பு. நாலரைக்கு எழுந்தார். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஆறரைக்குள். நீராவி பட்டால் பாலிஷ் வெள்ளை பூத்துவிடுமாம், அதனால் எல்லாம் முடித்து அறையை உலரவிட்டு, ஒன்பது மணிக்குக் கோட். இரண்டு வேளைக்கும் அதுதான் சாப்பாடு. முதல் வாரம் குழம்பு ஸ்பிரிட் மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் சாப்பிடும்படி இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு ரசம் வைத்தார். இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லி நானே கேட்டேன். புளியைக் கரைத்தாலும் சரி, அரக்கைக் கரைத்தாலும் சரி, அவருக்கு அளவு தப்பவில்லை.

ஒருநாள் தண்ணீர் குடிக்கலாம் என்று சமையல்கட்டுக்குள் கால் வைத்தேன்.

"நில்லு. உன் மேல பூரா பஞ்சு. உள்ள வராத. இன்னா வேணும் சொல்லு."

"தண்ணி."

கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு மணிக்கு, நான் கேட்காமலே, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டி டீயும் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் போட்டு எனக்குக் கொடுத்த முதல் டீ. ஆறும் வரைக்கும் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால் பதினெட்டு அங்கியும் முடிந்தது. லவினா டீச்சர் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, தையலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு, "ஞாயித்துக்கிழமைப் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் கிறிஸ்துமஸுக்கு வேணும், நாப்பது," என்றார். அங்கேயே விரல் விட்டுத் துணிக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அதே மத்தியானம் சமையல்கட்டில் டார்ச் எரிந்து அணைந்தது. "ஐடா, பஞ்சைத் தட்டிட்டு வா," என்று கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

வாசலில் நின்றிருந்த சம்பங்கியும் கூட வந்தாள். அவள் பாட்டுக்குச் செருப்பை வெளியே விட்டாள்.

மேசையில் பாலிஷ் இருப்பதாகவே தெரியவில்லை. மரத்தின் மேல் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்பது போலவும், அதற்கு அடியில் ரேகைகள் மெல்ல ஓடுவது போலவும் இருந்தது. குனிந்தேன். என் முகம் தெரிந்தது. நரைத்த முடியோடு, தேன் நிறத்தில், கண்ணாடியில் இருப்பதைவிட நன்றாக. கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்தக் கைதானா இத்தனை வருஷம் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று நினைத்தேன்.

"நல்லா கீதா?" என்றார் மெதுவாக.

தலையை ஆட்டினேன். சம்பங்கிதான், "சர்ச்சுல வெக்கலாம் அண்ணா," என்றாள்.

"இது உன்னோடது. ஜன்னல் கிட்ட போட்டுடலாம். வா, ஆளுக்கு ஒரு பக்கம் புடிக்கலாம்."

மேசை ஜன்னலுக்குப் போனால் அதன் பின்னாலேயே டார்ச்சும், ஆறு மணி நேரமும், பேன் போடாத சட்டமும் வரும். நாற்பது அங்கிக்கு வெளிச்சம் தேடி நான் எங்கே போவேன்? வாயைத் திறக்கவும் பயம், மூடவும் பயம். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன்.

முன்னறை நிலைப்படி வரைக்கும் வந்தோம். மெஷின் மேல், தரை மேல், ஜன்னல் விளிம்பில் எல்லாம் காலையில் வந்த வெள்ளை மாவு படிந்திருந்தது. அவர் கைக்கு எட்டிய நிலைச் சட்டத்தில் ஒரு விரலை வைத்து எடுத்துப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். நிலைப்படியைத் தாண்டாமலே நின்றார்.

"திருப்பு," என்றார்.

திருப்பினோம். பழைய இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, சமையல்கட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார். அடுப்பு, பட்டறை, மசாலா டப்பா, பாலிஷ் பாட்டில் எல்லாம் அவர் வைத்த ஒழுங்கில் இருந்தன. இடுப்பில் கை வைத்துக்கொண்டார். முகம் இறுகியது. இனி யார் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று தெரிந்தது.

"ஐடா, நான் முடிவு பண்ணிட்டேன். மேசை இங்கதான். அடுத்தது அலமாரி செய்யப் போறேன், அதுவும் இங்கதான். கிச்சன் இனிமே என்னோடது. உனக்கு ஜன்னல்தான், வேற வழி இல்ல. கஷ்டமாத்தான் இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

பண்ணிக்கொள்கிறேன் என்றேன். நாளைக்கு என்ன குழம்பு என்றும் கேட்டு வைத்தேன்.