ஷோரூம் வாசலில் உண்ணாவிரதம்

கார் கம்பெனியைப் பணிய வைப்பது என்று முடிவெடுத்தேன்.

நான் இசக்கிமுத்து. கொச்சியின் கொச்சங்காடி கிட்டங்கிகளில் சுமைத் தொழிலாளர்களைத் திரட்டி, மிளகு முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தவன். நான் நடத்திய போராட்டங்கள் அநேகம். வென்றவற்றைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

வாரண்டி முடிந்த மறு மாதம் எங்கள் காரின் எஞ்சின் உயிரை விட்டது. அந்தக் காரில்தான் என் மனைவி அமுதவள்ளி, சுள்ளிக்கல் முதல் இடக்கொச்சி வரை கடைகளுக்குத் தோசை மாவு கொண்டுபோகிறாள். புது எஞ்சினுக்கு அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்.

"வாரண்டி முடியும் தேதிதான் முதலாளிக்கு விடுதலை நாள்" என்றேன்.

"சரிங்க. இப்ப மாவ எதுல கொண்டுபோறது?"

"சாகும்வரை உண்ணாவிரதம்!"

அவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"ஒண்ணுமே திங்காமலா?"

"ஒன்றுமே."

"காலையில சாயா?"

தயங்கினேன். விழித்ததும் சாயா குடிக்காமல் நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை.

"சாயாவும் இல்லை."

"அப்ப வியாழக்கிழமை வச்சுக்கங்க. முந்தின ராத்திரியே சீக்கிரமாச் சாப்பிட்டு வாயக் கட்டிருங்க. அப்பத்தான் பாக்குறவங்களுக்கு ஒரு இரக்கம் வரும்."

கல்யாணமான நாள் முதல் என் போராட்டம் எதையும் ஆதரிக்காதவள். நெகிழ்ந்துபோய்த் துண்டறிக்கையைக் காட்டினேன்.

"தமிழ்ல எழுதியிருக்கீங்க. நம்ம பிள்ளைங்களே மலையாளந்தான் வாசிக்குது. இத யாரு படிப்பா?"

"வரலாறு படிக்கும்."

"வரலாறு வந்து மாவு வாங்குமா?"

வியாழன் காலை ஷோரூம் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மேனேஜர் வெளியே வந்தார்.

"சேட்டா, வெயிலாணு. உள்ள வந்து இரிக்காம். ஏசி உண்டு."

"ஏசியில் இருந்தால் அது போராட்டம் அல்ல. விருந்து."

சிரித்துக்கொண்டே போனார். எதிரி சிரிப்பது பயத்தின் அறிகுறி.

சற்று நேரத்தில் வெள்ளைக் கோட்டுப் பெண்ணொருத்தி பெட்டியுடன் வந்தாள். பக்கத்தில் அமுதவள்ளி. உண்ணாவிரதம் இருப்பவரை மருத்துவக் குழு வந்து சோதிப்பது மரபு. என் பழைய உண்ணாவிரதங்களில் ஒரு கம்பவுண்டர்கூட எட்டிப் பார்த்ததில்லை. செய்தி மேலிடம்வரை எட்டிவிட்டது என்று புரிந்தது.

கையை நீட்டினேன். "எடுங்கள். இது ஏமாற்றப்பட்ட மக்களின் ரத்தம்!"

"கையை இறுக்கிப் பிடிங்க, அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

அவள் ரத்தம் எடுத்து ஊசியை உருவியதும் மேனேஜர் எலுமிச்சைச் சாற்றுடன் வந்தார். எதிராளி கையால் சாறு வாங்கிக் குடித்தால் போராட்டம் வென்றது என்று பொருள்.

"புதிய எஞ்சின், சேட்டா. பைசா வேண்டா. கம்பெனி சம்மதிச்சு."

குடித்தேன். துளி இனிப்பில்லை. வெற்றியை அதற்கு முன் ருசித்துப் பழக்கமில்லாததால் நான் கேள்வி கேட்கவில்லை.

"பார்த்தாயா அமுதா! ஒரு வேளைப் பட்டினிக்கே பணிந்துவிட்டார்கள்."

"அவங்க, நீங்க உண்ணாவிரதம்னு சொன்னதுக்கு மறுநாளே சம்மதிச்சுட்டாங்க. வாரண்டி இருக்கும்போதே எஞ்சின்ல சத்தம் வருதுன்னு சர்வீஸ்ல சொல்லிட்டேன். ஒரு சர்வீஸுக்கும் வண்டிய வெளிய விட்டதில்ல. அதச் சொல்லித் தலைமை ஆபீஸுக்கு மெயில் போட்டேன். எஞ்சின் வந்து இறங்கியாச்சு."

"பிறகு நான் எதற்கு இங்கே உட்கார்ந்தேன்?"

"வெறும் வயித்துல சுகர் பாக்கணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. என்னிக்காவது ஒரு நாள் சாயா குடிக்காம லேப்புக்கு வந்தீங்களா?"

மேனேஜர் தன் செருப்பை உற்றுப் பார்த்தார். அமுதவள்ளி டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் தோசையை வைத்தாள்.

"சாப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் வேணும்னா கோஷம் போடுங்க."