நிலாவின் டம்ளருக்கு வார்னிஷ் வேண்டாம்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை

அன்பு மிக்க தம்பி பஞ்சாட்சரத்துக்கு,

அக்கா தாயம்மா எழுதுவது. கபாலி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். பெரும்பாக்கத்தில் நீயும், உன் எட்டாவது மாடியும், அதற்கு ஏறும் லிஃப்டும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. அதனால் காகிதத்தில் பேசுகிறேன், குறுக்கே பேசாமல் படி.

என் பேத்தி நிலா பலா மரத்தை மெஷினில் கடைந்து காபி டம்ளர் செய்கிறாள். நம்ம பரம்பரையிலே இப்படி ஒருத்தி உண்டா? அடையாறில் காபி கடை வைத்திருக்கும் மதுமதி அதைப் பார்த்து மயங்கிப்போய், "சூட்டுக்கும் கழுவுறதுக்கும் தாங்குற பூச்சா பூசிக் கொண்டாந்தா, கடை முழுக்க இதையே வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அது நடந்தால் பிள்ளை துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுடலாம். இதைக் கேட்டதும் நீ, கல்யாண மண்டபக் கதவுக்கெல்லாம் வார்னிஷ் அடிச்ச கைன்னு டப்பாவோட கிளம்பறேங்கிற. வேணாம்பா. கதவுல யாரும் காபி ஊத்திக் குடிக்கறதில்ல. சூட்டுல அது ஏடு ஏடா உரியுமாம், நிலா சொல்றா.

முதல்ல என் யோசனைப்படி தேங்காயெண்ணெய் தடவினோம். கொஞ்ச நாள்ல சிக்கு நாத்தம். "ஆயா, நான் காபி குடிக்கிறேனா, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கினு கீறேனா?"ன்னு கேட்டா. அப்புறம் தேன்மெழுகு. சுடச்சுட காபி ஊத்தினேன், மெழுகு உருகி மேல வந்து, தெப்பக்குளத்துத் தண்ணில மேகம் போவுமே, அப்படி மெதுவா சுத்துச்சு. நான் அதையே பாத்துக்கினு உக்காந்துட்டேன். காபி ஆறி, மேகமும் உறைஞ்சுபோச்சு. மருமக வந்து, "இன்னா அத்தே, ஏடு கட்டிக்கினு கீது?"ன்னு விரலால எடுத்து வாயில போட்டுக்கினா. பல்லெல்லாம் ஒட்டி, அரை நாள் வீடு அமைதி.

கடைசியா நிலா ஆளிவிதை எண்ணெய் தடவினா. தம்பி, அதை எப்படிச் சொல்றது! மரம் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க, உள்ள யாரோ விளக்கு ஏத்தின மாதிரி ஆச்சு. ஜன்னல் கட்டையில காய வெச்சுட்டு, மத்தியானமெல்லாம் எதிர்க்கப் படுத்துக்கினேன். மாட வீதி ஹாரன் சத்தம்கூட கடல் மாதிரி தூரத்துல கேட்டுச்சு. தூங்கினேனா, அந்த மரத்து ரேகைக்குள்ள நடந்து போனேனா, தெரியல. கண்ணைத் தொறந்தா, டம்ளருக்குள்ள வெயில் இறங்கி உக்காந்துகினு கீது. "நல்லா காயட்டும், வாரக்கணக்காவும்"னு நிலா சொல்லத்தான் செஞ்சா. தொட்டா காஞ்ச மாதிரி இருந்துச்சு, ஊத்திட்டேன். காபி, ரசம், மோர், வீட்ல எல்லாரும் குடிச்சோம். வாசனை இல்ல, உரியல, ஒண்ணும் மிதக்கல. எதிர் போர்ஷன் ஹமீதுன்னிசாகூட "அம்சமா கீதுக்கா"ன்னா. ஆகவே தீர்ப்பு ஆயிடுச்சு, ஆளிவிதை எண்ணெய்தான். உன் வார்னிஷும் வேணாம், நீயும் அலைய வேணாம். மதுமதி இன்னிக்கு சாயங்காலம் வர்றா.

உன் முட்டிவலி தீர்ந்து, லிஃப்ட் நின்னாலும் நீ நிக்காம ஏற என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மூத்தவள்
தாயம்மா

பி.கு.: மதுமதி வந்தாள். டம்ளரை உதட்டில் வெச்சு உறிஞ்சினா. எடுக்கறப்போ உதடும் கூடவே வந்துச்சு. "பிசுபிசுன்னு ஒட்டுதே, நீங்க யாரும் கவனிக்கலையா?"ன்னா. எங்கேர்ந்து கவனிக்கறது? நம்ம வீட்ல எவன் டம்ளர்ல வாய் வெச்சான்? எல்லாரும் அண்ணாந்து ஊத்திக்கினோம்! நிலா முகம் செத்துப்போச்சு. அந்தப் பொண்ணு நல்லவ, "நல்லா காய வெச்சு, வாய் வெச்சு குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் வாங்க மாட்டேன்"னுட்டுப் போயிருக்கா. நானும் வாய் வெக்கப் பாக்கறேன், தலை தானா அண்ணாந்துக்குது. ஹமீதுன்னிசாவை வாய் வெச்சுப் பாக்கச் சொன்னா, வெக்கப்பட்டு ஓடியே போயிட்டா. நம்ம குடும்பத்துல எச்சில் பண்ணிக் குடிச்சு, அம்மாகிட்ட கரண்டியால அடி வாங்கினவன் நீ ஒருத்தன்தான். எண்ணெய் காஞ்சதும் சொல்றேன், முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்துடு. டப்பா வேணாம், வாயை மட்டும் கொண்டா.