பட்பட் உபதேசியாரின் புதுச் சைலன்சர்

இந்தத் தீவில் அதிகம் சத்தம் போட்ட மோட்டார் சைக்கிள் எது என்று யாராவது போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்கு மட்டும் ஆள் தேடினால் போதும். முதல் பரிசு எங்கள் பட்பட் உபதேசியாருக்கு.

நான் அப்போது தெரணியகலையில் அரசாங்க உத்தியோகம். வீடு கிடைத்தது தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில். அந்தத் தோட்டத்துச் சின்னச் சர்ச்சுக்கு அவர் உபதேசியார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். வண்டி, ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இங்கிலீஷ் வண்டி. அதன் சைலன்சரில் இரும்பைவிட ஓட்டை அதிகம். ஓட்டைகளின் மேல் மீன் டின்னைத் தட்டையாக்கிக் கம்பியால் சுற்றியிருந்தார். அவர் கடந்து போகும்போது ரப்பர் பால் வெட்டும் பெண்கள் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள்.

அந்தப் பழக்கத்தில் மனிதர் இறங்கி நின்றாலும் கத்தித்தான் பேசுவார். ஜெபமும் அப்படியே. "கர்த்தருக்குக் காது நல்லாத்தாங்க கேக்கும். நான் பேசுறது எனக்குக் கேக்க வேணாமா?" என்பார். மழை வந்தால் குடை வண்டிக்கு, நனைவது இவர். ஞாயிறு காலையில் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சர்ச்சுக்கு வருவார். எஞ்சின் சூடாக வேண்டுமாம்.

பின்னேரங்களில் அதே சர்ச்சில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வைத்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் என் மகளைப் பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருந்தோம். அவள் தூக்கத்திலும் சிங்களத்தில் உளறுவாள். அதில் குற்றமில்லை. ஆனால் 'அ' எழுதச் சொன்னால் முழித்தாள். உபதேசியாரிடம் போன பிறகுதான் வீட்டில் தமிழ்ப் பேப்பரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். எனக்கும் மனைவிக்கும் அதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. பெரிய போதகர் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார். சபையில் ஆள் இல்லையென்றால் சர்ச்சைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் வகுப்பும் போயிற்று. இதை உபதேசியார் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார். அவர் மெல்லப் பேசியதிலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"போன தடவ ஐயா வந்தப்ப இந்த வண்டி சத்தத்துக்கு காதப் பொத்திக்கிட்டாருங்க சார். இந்த தடவ மரியாதையா புதுச் சைலன்சர் மாட்டிருவோம்."

"கட்டாயம் மாத்துங்கோ உபதேசியார்" என்றேன் நானும்.

அந்த வயது வண்டிக்கு எந்தக் கடையில் சைலன்சர் இருக்கிறது? அவிசாவளையில் ஓர் இந்திய வண்டியின் சைலன்சரை, மினுக்கத்தில் மயங்கி வாங்கினார். சனிக்கிழமை தெஹியோவிட்ட கராஜில் மெக்கானிக் சுனில் பாஸ் இரண்டு குழாய்களின் வாயையும் மாறிமாறிப் பார்த்தார். "மேக்க ஹரியன்னே நே." சரிவராது என்று கையை விரித்துவிட்டார்.

"ஹரியய் பாஸ், ஹரியய்!" சரிவரும் என்று உபதேசியார் கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சம்மதிக்க வைத்தார். பாஸ் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, சைலன்சரின் வாயில் ஒட்டவைத்து, வண்டியின் குழாயில் செருகி கிளிப் போட்டு இறுக்கினார். உதைத்தால் 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை, நின்றுவிட்டதென்று நினைத்து உபதேசியார் மேலும் மேலும் உதைத்தார். பாஸ் அவர் காலைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

ஞாயிறு காலை. உபதேசியார் வழக்கமான சுற்று முடித்து வந்து வண்டியை வாசலில் நிறுத்தினார். உள்ளே போதகர், உபதேசியாரின் மனைவி, நான், என் மனைவி, மகள். மற்றதெல்லாம் உட்கார ஆளில்லாத வெறும் வாங்கு. போதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் லயத்துக்கு ஓடினேன். பைப்படியில் பெண்கள் ஆறஅமர உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை?"

"உபதேசியாருக்கு காய்ச்சலோன்னு பேசிக்கிட்டிருந்தோங்க சார். வண்டி சத்தமே கேக்கலியே! அது கேட்டாத்தானே நாங்க குளிக்கவே போவோம்."

அந்தச் சர்ச்சுக்கு மணி கிடையாது. இத்தனை காலமும் மணியாக இருந்தது அந்த மோட்டார் சைக்கிள்தான். அடித்தவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். உபதேசியார் வெள்ளை உடுப்போடு வண்டிக்குப் பக்கத்தில் படுத்துவிட்டார். ஸ்பானரால் கிளிப்பைத் தளர்த்தினார். சைலன்சர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"விடுங்கோ, ஆறட்டும்!"

"அது ஆறுறதுக்குள்ள ஐயா கெளம்பிருவாருங்க சார்!"

சட்டைப் பையிலிருந்த லேஞ்சியைக் கையில் சுற்றி ஒரே இழுவை. சைலன்சர் கையோடு வந்தது, உள்ளங்கைத் தோலும் கொஞ்சம் அதோடு போனது. இந்தத் தரம் மீன் டின்கூட இல்லாத மொட்டைக் குழாய். உதைத்தார் பாருங்கள், மலையே அதிர்ந்தது. உள்ளே போதகர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழும்பி நின்றார்.

சுற்று முடிவதற்குள் பாதை நிறைந்துவிட்டது. ஈரத் தலையோடு பெண்கள், சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஆண்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கூட நெற்றியில் திருநீறோடு வந்து வாங்கில் இடம்பிடித்தார்கள்.

"இவங்க எல்லாம் நம்ம சபையா?" என்று போதகர் தணிந்த குரலில் கேட்டார்.

"சத்தங் கேட்டு வந்தவங்க எல்லாம் சபைதாங்க ஐயா!" உபதேசியார் வழக்கம்போலக் கத்தினார். "பூட்டிட்டீங்கன்னா இவங்க புள்ளைங்க எங்கங்க உக்காந்து படிக்கும்?"

போதகர் பூட்டவில்லை. மத்தியானம் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, அதே வண்டியின் பின்னால் உட்கார்ந்து பஸ்ஸுக்குப் போனார்.

எனக்கு இப்போது வவுனியாவில் வேலை. இதை எழுதி முடித்து மகளிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் என் பிழைகளையெல்லாம் திருத்தித் தந்தாள். உபதேசியார், அன்று சர்ச் வாசலில் நான் உங்களுக்கு நன்றி சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. அதனால் அவள் திருத்திய தமிழிலேயே சொல்கிறேன்: நன்றி.